பத்தே முக்கால் டீ

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரி இருந்தது. அங்கே வேலை பார்த்த கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கி முதலாளி ஜப்பானுக்கு அனுப்பினார்.

காரணம் இல்லாமல் அனுப்பவில்லை. அங்கே கிட்டாக்யூஷு என்று ஒரு ஊர். பார்க்கிற பக்கமெல்லாம் புகைபோக்கி. அந்த ஊரில் பம்பு செய்கிற ஒரு பெரிய தொழிற்சாலைக்கு வார்ப்பு வேலை செய்து தர ஆள் வேண்டியிருந்தது. பவுண்டரி அனுப்பிய மாதிரி வார்ப்பு அவர்களுக்குப் பிடித்துப்போனது. "உங்கள் ஆட்கள் வந்து எங்கள் வேலை முறையைப் பார்க்கட்டும். நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம். அதற்கப்புறம் ஆர்டர்" என்று சொல்லி அனுப்பினார்கள். 'நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம்' என்பதில் இருந்த ஆபத்து முதலாளிக்கு உறைக்கவில்லை. அவரும் அதே பவுண்டரியைச் சேர்ந்தவர்தானே.

போனவர்களில் மூத்தவர் ஃபோர்மேன் நாச்சிமுத்து. கூடப் போனவர்கள் மணல் அச்சு பிடிக்கிற பட்டீசுவரனும், வார்ப்பைத் தேய்த்து மழுக்குகிற மயில்சாமியும். நாச்சிமுத்து தன்னைப் பெரிய மூளைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் அதை நம்பினார்கள். அந்த இரண்டு பேருடைய மூளைக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கிளம்புகிற அன்றைக்கு முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "அவுங்க என்ன செய்றாங்களோ அச்சு அசலா அதையே செய்யுங்க. என்ன சொல்றாங்களோ அப்பிடியே கேளுங்க. தயவு பண்ணி உங்க சொந்த மூளைய வெளிய எடுத்துறாதீங்க. ஆர்டரோட வந்தா நாச்சிமுத்து ஃபோர்மேன். இல்லாட்டி அந்த நாற்காலி என்ற மச்சினனுக்கு."

மச்சினன் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டான். மெத்தை சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டான். நாச்சிமுத்துவுக்கு விமானத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

விமான நிலையத்தில் தமயந்தி காத்திருந்தாள். ஈரோட்டுப் பெண், ஜப்பான் மொழி படித்து அந்த ஊரிலேயே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தவள், அதற்கப்புறம் இன்னும் குறைவாகப் பேசினாள்.

ரயிலில் முதல் பெட்டியில் ஏறினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் விரலை நீட்டிக் காட்டி என்னவோ சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை.

"பாவம், புத்தி பேதலிச்சவரு போல. இவரு கையில ரயிலக் குடுத்திருக்காங்களே" என்றார் பட்டீசுவரன்.

தமயந்தி மெதுவாகச் சொன்னாள்: "கவனம் தப்பக் கூடாதுன்னு அப்படிச் செய்வாங்கண்ணா. ஒரு பொருளைக் கையால காட்டி, சரியா இருக்குதுன்னு வாயால சொல்லணும். இங்கே எல்லா வேலையிலும் இது வழக்கம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி சொன்னது மூன்று பேர் காதிலும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

விடுதி அறைக்குள் போனதும் மயில்சாமி விரலை நீட்டினார். "கதவு, சரி. சன்னல், சரி. தலைகாணி, சரி." பிறகு நாச்சிமுத்துவைக் காட்டி, "ஃபோர்மேன் அண்ணன், சரி" என்றார். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ வேலையில் அவரைச் சரி என்று யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் தெருவில் நடந்தார்கள். கம்பம் சரி, காக்கா சரி என்று காட்டிக்கொண்டே போனார்கள். எதிரே வந்த ஒருவரைக் காட்டி பட்டீசுவரன், "வழுக்கை, சரி" என்றார். அந்த மனிதர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு சந்து முனையில் நின்று, எந்தப் பக்கம் வந்தோம் என்று மூன்று பேரும் யோசித்தார்கள்.

"எல்லாத்தையும் காட்டிக் காட்டித்தானே வந்தோம், வழி எப்பிடிங் தப்பும்?" என்றார் மயில்சாமி.

"வழியை யாரு காட்டினா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

யாரும் காட்டவில்லை. கம்பத்தையும் காக்காயையும்தான் காட்டியிருந்தார்கள். தமயந்தி தேடி வந்து விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

விட்டுப் போகுமுன் அவள் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "நாளைக்கு நான் தொழிற்சாலை வாசல்லயே நிக்கிறேன். நீங்க பஸ் ஏறி வந்துருங்க. கிளம்பும்போது விடுதிக்கார அம்மா குனிஞ்சு வணங்குவாங்க. நீங்களும் குனியணும். பெரியவங்க நிமிர்றதுக்கு முன்னால நாம நிமிர்ந்தா அது மரியாதை இல்லை."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஊர் விடுதிக்காரர்கள், விருந்தாளி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிமிர மாட்டார்கள்.

மறுநாள் காலையில் விடுதிக்கார அம்மாள் வாசலில் வந்து குனிந்தாள். மூன்று பேரும் குனிந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் குனிந்திருந்தாள். அவள் நிமிரட்டும் என்று இவர்கள் குனிந்திருந்தார்கள். பஸ் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

"அண்ணா, நிமிந்துட்டாங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார் பட்டீசுவரன்.

"நிமிந்து பாத்தாத்தானே தெரியும்" என்று தரையிடம் சொன்னார் நாச்சிமுத்து.

"பாருங்களே."

"நிமிந்தா மரியாத போயிரும். மரியாத போனா ஆர்டர் போயிரும். ஆர்டர் போனா மச்சினன் வந்து உக்காந்துக்குவான். நீ சும்மா குனி."

மயில்சாமி யோசித்தார். குனிந்திருந்ததால் ரத்தம் எல்லாம் தலைக்கு இறங்கியிருந்தது. யோசனை பிரமாதமாக வந்தது. "அண்ணா, நிமிரத்தானுங் கூடாது. நடக்கக் கூடாதுன்னு அம்மணி சொல்லலியே."

அப்படியே குனிந்தபடி பின்பக்கமாக நகர்ந்தார்கள். தெருமுனை திரும்பியதும் அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். இவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"இப்ப நிமிரலாமா?"

"அவுங்க நிமிந்தத நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. ஆகவே பஸ் போன பாதையைப் பிடித்துக் குனிந்தே நடந்தார்கள். மூன்று பேர் இப்படி வருவதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் பதிலுக்குக் குனிந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கிக் குனிந்தார். அவருக்குப் பின்னால் வந்த கார் நின்றது. தொழிற்சாலை வாசலை அடைந்தபோது, அங்கே வரவேற்க நின்ற மேலாளர் ஒக்காபே அசந்துபோனார். வெளிநாட்டிலிருந்து எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்; பாதித் தெருவிலிருந்தே குனிந்துகொண்டு வந்தவர்களை அவர் பார்த்ததில்லை.

"விடுதியம்மா நிமிர்ந்துட்டாங்களாம். ஃபோன் பண்ணினாங்க" என்றாள் தமயந்தி, யார் முகத்தையும் பார்க்காமல். அப்புறம்தான் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

ஒக்காபே கண்ணாடி போட்ட, ஒல்லியான, மிகவும் ஒழுங்கான மனிதர். ஒரு விதி இருந்தால் அதைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்விடுவார். அந்த இடத்தில் விதிக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஊரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நாலாவது ஆள் அங்கேயே இருந்தார்.

"தரையில் பச்சைப் பாதை போட்டிருக்கிறது. அதைவிட்டு இறங்க வேண்டாம்" என்றார் ஒக்காபே. சொல்லிவிட்டு இயந்திரப் பக்கம் போய், அங்கிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். கை நீட்டினால் தொடுகிற தூரம். நடுவில் பச்சை இல்லை.

மூன்று பேரும் பச்சைப் பாதையிலேயே போனார்கள். அது கிடங்கைச் சுற்றி, சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி, பெயிண்ட் அடிக்கிற இடத்தைச் சுற்றி வந்தது. இவர்கள் வந்து சேர்ந்தபோது ஒக்காபே இவர்களைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருந்தார். மறுபடியும் சுற்றினார்கள். அன்றைக்கு முழுக்க அவர்கள் தொழிற்சாலையைப் பார்த்தார்கள் என்பதைவிட, தொழிற்சாலை அவர்களைப் பார்த்தது என்று சொல்லலாம்.

அடுத்த நாள் தமயந்தி முன்னால் நடக்க, ஒருவழியாகப் பம்பு பூட்டுகிற வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருபக்கம் வெறும் கூடு வைத்தால், கை மாறி மாறி, மறுபக்கம் முழுப் பம்பாக இறங்குகிறது. மேலே நெடுக ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது.

ஒக்காபே மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், தமயந்தி தமிழில் சொன்னாள்: "இங்கே ஏதாவது சரியில்லைன்னு பட்டா யார் வேணும்னாலும் இந்தக் கயித்த இழுக்கலாம். வரிசை நின்னுரும். இழுத்தவங்களை யாரும் திட்ட மாட்டாங்க. நன்றிதான் சொல்லுவாங்க. காரணத்தோட வேர் வரைக்கும் போய்ச் சரிபண்ணின பிறகுதான் வரிசை திரும்ப ஓடும். விருந்தாளிங்களும் இழுக்கலாம்னு சொல்றார்." கொஞ்சம் நிறுத்தி அவளாகவே சேர்த்துக்கொண்டாள்: "அது மரியாதைக்குச் சொல்றதுங்ண்ணா."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை.

மயில்சாமி அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார். பிறகு வேலை செய்கிற ஓர் இளைஞனைப் பார்த்தார். அவன் சட்டையில் மேல் பித்தான் இல்லை. இழுத்துவிட்டார்.

மணி அடித்தது. சிவப்பு விளக்கு சுழன்றது. வரிசை நின்றது. நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். பித்தான் இல்லாததைப் பார்த்தார்கள். அது இயந்திரத்துக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று பேசினார்கள். இன்னொரு சட்டை வந்தது. எல்லாரும் மயில்சாமியைப் பார்த்துக் குனிந்து நன்றி சொன்னார்கள். அதில் ஒருவருக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. அவர்தான் அந்தப் பையனுக்கு மேற்பார்வையாளர்.

"நம்மூர்ல உலைய நிறுத்தினா முதலாளி கையில கிடைச்சதத் தூக்கி எறிவாரு. இங்க கும்புடறாங்க" என்றார் மயில்சாமி, நெஞ்சு விம்ம.

பட்டீசுவரனுக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஆள் கொட்டாவி விட்டதைப் பார்த்தார். இழுத்தார். மணி, விளக்கு, ஓட்டம். தூக்கம் வந்தவனை அனுப்பிவிட்டு வேறு ஆளை நிறுத்தினார்கள். பட்டீசுவரனுக்கும் நன்றி கிடைத்தது.

நாச்சிமுத்து கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு மரியாதை வந்துவிட்டது, ஃபோர்மேனுக்கு இல்லை. 'நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம்' என்று சொன்னவர்கள் இப்போது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஊருக்குச் செய்தி போனால், இரண்டு பேர் கயிறு இழுத்தார்கள், நாச்சிமுத்து சும்மா நின்றார் என்றுதான் போகும். மச்சினன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

வரிசையை மேலும் கீழும் பார்த்தார். எல்லாச் சட்டையிலும் பித்தான் இருந்தது. ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஆனாலும் என்னவோ சரியில்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோயம்புத்தூரில் முதலாளி கட்டிவிட்ட கடிகாரம்; அவர் சொல்லாமல் முள்ளை நகர்த்த நாச்சிமுத்து யார்? பத்தே முக்கால் ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரம் ரெண்டேகால் காட்டியது. அதை அவர் மதிக்கவில்லை.

பத்தே முக்கால். டீ வரவில்லை.

நாச்சிமுத்து வேட்டி மடித்துக் கட்டுகிற தோரணையில் பேண்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்தார்.

மணி அடித்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒக்காபேயே முன்னால் வந்தார்.

"என்னங்ண்ணா சரியில்லை?" என்றாள் தமயந்தி.

"பத்தே முக்கால் ஆச்சு அம்மணி. டீ வரல."

தமயந்தி ஒக்காபேயை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "இதை அப்படியே சொல்லணுமா?"

"அப்பிடியே சொல்லு. ஒரு வார்த்த கூட்டாத, குறைக்காத."

சொன்னாள். ஒக்காபே சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விருந்தாளி ஒருவர் சரியில்லை என்று கண்ட விஷயம். வேர் வரைக்கும் போக வேண்டும். வேருக்குப் போக அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழி உண்டு: ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது. இதற்குமேல் ஏன் இல்லை என்கிற இடம் எதுவோ, அதுதான் வேர்.

"டீ ஏன் வரவில்லை?" என்று கேட்டார் ஒக்காபே.

"டீக்காரன் வரல" என்றார் நாச்சிமுத்து.

"டீக்காரர் ஏன் வரவில்லை?"

"குப்புராசு கோயம்புத்தூர்ல இருக்கானுங். பவுண்டரிக்கு எதுத்தாப்புல அவன் கடை. டீ கொண்டாறது அவன்தான்."

"அவர் ஏன் கோயம்புத்தூரில் இருக்கிறார்?"

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு கலந்து பேசினார்கள்.

"அவன் அங்க பொறந்தவன்" என்றார் பட்டீசுவரன்.

"பொறந்தது காரமடை. கடைதான் கணபதி" என்றார் மயில்சாமி.

"ரெண்டும் இல்ல" என்று முடித்தார் நாச்சிமுத்து. "முதலாளி அவனுக்கு டிக்கெட் போடல."

"முதலாளி ஏன் டிக்கெட் போடவில்லை?"

இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கஞ்சனுங்."

ஒக்காபே தலையாட்டினார். இதற்குமேல் ஏன் என்று கேட்க ஒன்றுமில்லை. வேர் தட்டுப்பட்டுவிட்டது. கூடியிருந்தவர்களைப் பார்த்து ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். தமயந்தி மொழிபெயர்த்தாள். "இந்தக் குறையை வேரோட சரிபண்ணாம வரிசையைத் திருப்பி ஓட்ட முடியாதாம். அதுதான் விதியாம். டீ வந்து, வரிசை ஓடின அந்த நிமிஷமே ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்னு சொல்றார். இவ்வளவு ஆழமா ஒரு குறையைப் பார்த்த ஃபோர்மேனை இதுவரைக்கும் பார்த்ததில்லையாம்."

நாச்சிமுத்து பெருமையில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டார். மனசுக்குள் அந்த நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டார்.

அங்கிருந்தே முதலாளிக்கு ஃபோன் போட்டார்கள்.

"என்னது, குப்புராசுவ அனுப்பறதா?" என்றது ஃபோன்.

"ஆமாங் முதலாளி. அவன் வந்தாத்தான் ஆர்டருங்."

"நம்ம குப்புராசு டீயப் பத்தி அவுங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார் முதலாளி, குரலில் ஒரு பெருமிதத்தோடு. "சரி, அவுங்க கேட்டா அனுப்பித்தானே ஆகோணும். அனுப்பறேன்."

விசா வர நாளாயிற்று. அதுவரைக்கும் வரிசை நின்றது. வேலைக்காரர்கள் தினமும் நேரத்துக்கு வந்து, நிற்கிற வரிசைக்கு முன்னால் நின்றார்கள். முதலில் தரையைத் துடைத்தார்கள். அப்புறம் துடைத்த துணியைத் துவைத்தார்கள். மேலிடத்திலிருந்து கேட்டபோது, குறை வேரோடு சரிசெய்யப்படுகிறது என்று ஒக்காபே பதில் சொன்னார். மேலிடமும் விதியை மதிக்கிற இடம்தான். நல்லது, தொடருங்கள் என்றார்கள்.

ஒருநாள் காலையில் குப்புராசு வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த தமயந்தி, இந்த ஆளாவது தெளிவானவராக இருப்பாரோ என்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தொழிற்சாலையே வாசலில் வரிசை கட்டி நின்றது. குப்புராசு கால் வைத்ததும் எல்லாரும் குனிந்தார்கள். ஒக்காபே பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

குப்புராசு யாருக்கும் அசரவில்லை. நேராக நாச்சிமுத்துவிடம் வந்தார். "ஏனுங்ண்ணா, முதலாளி நேர்ல போயி விசாரிச்சுட்டு வரச் சொன்னாரு. எத்தன டீ?"

நாச்சிமுத்து கூட்டத்தைக் கணக்குப் போட்டார். "ஒரு இருநூறு போடு."

"காப்பி?"

ஒக்காபேயிடம் கேட்டார்கள். அவருக்கு ஒரு காப்பி.

"வடை வேணுமுங்களா? இன்னைக்கு மசால் வடை போடச் சொல்லியிருக்கறன்."

"வேண்டாம். ஆர்டர் முடியட்டும்."

"சரிங்ண்ணா" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குப்புராசு வந்த வழியே வாசலைப் பார்த்து நடந்தார்.

தமயந்தி பின்னாலேயே ஓடினாள். "எங்கே போறீங்க?"

"கடைக்குங் அம்மணி. டீ எடுத்தாற வேண்டாமா?"

"எந்தக் கடைக்கு?"

"என்ற கடைக்குத்தான். எனக்கென்ன ஊரூருக்குக் கடையா இருக்குது? கணபதியில இருக்கறது ஒண்ணு." விமான நிலையம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று அவளிடமே விசாரித்தார்.

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். ஒக்காபே திறந்த பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் குப்புராசுவுக்கும் நடுவே நாச்சிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. கடைசியில் இந்த மனிதருக்காவது புரிந்ததே என்று தமயந்திக்கு ஒரு நிம்மதி வந்தது.

"குப்புராசு, நில்லப்பா" என்றார் நாச்சிமுத்து. "என்ற நாற்காலியே இந்த டீயிலதான் இருக்குது. ஆறிப்போனதக் குடுத்து அவுங்க மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா நான் அவ்வளவுதான். பாத்து, சூடாக் கொண்டா."

குப்புராசு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நானும் அதத்தானுங்ண்ணா யோசிச்சேன். வர்றப்ப பிளேன்ல சன்னல் சீட்டு வாங்கிட்டேன். திரும்பி வர்றப்ப வேண்டாம்னு சொல்லீர்றேன். காத்து பட்டா ஆறிப்போயிருமுங்."